சந்தாபுரா மனைக்கு என் கையெழுத்து கிடையாது

சாமுவேலுக்கு,

இது நலம் விசாரித்து எழுதும் கடிதம் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள உனக்கு விருப்பமில்லை என்பதும் தெரியும். ஆறு வாரமாக என் போனை நீ எடுப்பதில்லை. நீ குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் கிளம்பும் நாளைக்கூட பாஸ்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன சனிக்கிழமை, நீ கொடுத்தனுப்பிய விற்பனை ஒப்பந்தத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைத் தொடவில்லை.

“ஒரு கையெழுத்துதானே ஐயா. புள்ள தூர தேசம் போறான், மனசு நெறஞ்சு அனுப்பி வையுங்க.”

“டீ ஆறிப்போவுது பாஸ்டர்.”

“காலையில இருந்து வயிறு ஒரு மாதிரியா இருக்குது.”

“போர் தண்ணி இல்ல, கேன் தண்ணிதான். பயப்படாம குடிங்க.”

ஒரே மடக்கில் குடித்தார். அவருக்கும் தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இந்த இடத்துத் தண்ணீரில் போட்ட டீயைக் குடிக்கப் பயப்படுகிற மனிதர், இந்த இடத்தை இன்னொரு குடும்பத்துக்கு எழுதிக்கொடு என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறார். உன் பேப்பரை நான் கிழிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் எழுந்துவிடுகிறாய். கடிதத்தில் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நீ பிறப்பதற்கு முன்பே பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் பேட்டரி ரிப்பேர் கடை இருந்தது. எட்டாவது வரை படித்தவன் நான். இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய லாரி பேட்டரி ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த தட்டுகளை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்து, மறுபடி சேர்த்து, மூன்றாவது முறை பல்பு எரிந்தது. அன்றிலிருந்து என் கை, என் தொழில். செத்த பேட்டரியில் மிஞ்சுவது காரீயம். நாங்கள் சும்மா ஈயம் என்போம். அதை இரும்புக் கடாயில் போட்டுக் கரியில் உருக்கி, மேலே மிதக்கும் கறுப்புச் சிட்டத்தைக் கரண்டியால் வழித்துப்போட்டுவிட்டு, கட்டியாக வார்த்தால் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள். புகை தாங்கவில்லை என்று கடை வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அதன்பிறகுதான் சந்தாபுராவில் இந்த மனையை உன் அம்மா பெயரிலும் என் பெயரிலும் வாங்கி, இரண்டு அறை போட்டு, பின்பக்கம் அடுப்பை வைத்தேன். அப்போது சுற்றிலும் ராகி வயல். புகைக்குச் சண்டை போட ஆள் இல்லை.

பள்ளமான இடம். மழை பெய்தால் கட்டில் கால்வரை தண்ணீர் நிற்கும். மண் அடித்தால் அடுத்த மழையில் கரைந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிட்டத்தைக் கொட்டினேன். அது கனமானது, தண்ணீருக்கு அசையாது, மிதித்தால் சிமென்ட் போல இறுகும். வருஷக்கணக்காக நானே கூடையில் சுமந்து, பரப்பி, திமிசு போட்டு இடித்தேன். மேலே ஒரு சாண் செம்மண். மூன்றாவது மழைக்குத் தண்ணீர் நிற்கவில்லை. அதற்குள் சுற்றிலும் வீடுகள் வந்து தெருவாகியிருந்தது, அந்தத் தெருவே வந்து பார்த்தது. “யாருகிட்டயும் கேக்காம எப்படிண்ணே இதெல்லாம் தோணுது?” என்று கேட்டார்கள். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. உன் அம்மா தன் பங்குக்கு, காலியான பேட்டரிப் பெட்டிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் போட்டாள். ஜன்னல் ஓரமாக இருபது பெட்டி. கடைந்து உனக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள். கீரை சாப்பிட்டால் பிள்ளைக்கு அறிவு வளரும் என்றுதானே எல்லாத் தாய்மாரும் ஊட்டுகிறார்கள்.

உனக்கு ஏழு வயதிலிருந்து வயிற்று வலி. காலையில் பை மாட்டும்போது சுருண்டு உட்காருவாய். கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். வலி போகவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் நாலு வரிக்கு மேல் உனக்கு நிற்கவில்லை. நேற்று சொன்னதை இன்று மறந்தாய். நான் எட்டாவதோடு நின்றவன், என் பிள்ளையும் நின்றுவிடுவானோ என்ற பயத்தில், பேட்டரியிலிருந்து எடுத்த ரப்பர் பட்டையால் உன் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு வருஷம்.

“வயித்த வலிக்குதுப்பா.”

“ஞாயித்துக்கெழமை வலிக்குதா? பள்ளிக்கூடம்னா மட்டும் எப்படிடா வலிக்கும்?”

ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு வலித்தது. நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அம்மா குறுக்கே வந்தாள். “புள்ளைய வுடுங்க, உங்க கோவத்த அடுப்புல காட்டுங்க” என்றாள். அவளையும் தள்ளிவிட்டேன். அப்போதே என் ஈறில் கறுநீலமாக ஒரு கோடு விழுந்திருந்தது. “வெத்தல பாக்கு போடாமயே கறை பிடிச்ச ஒரே ஆளு நீங்கதான்” என்று அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உடம்புக்குள் ஈயம் ஏறியதற்கு அந்தக் கோடு அடையாளம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். கட்டி வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து பத்தடி தள்ளியே நின்று பேசினார்கள். நான் அதைப் பணக்காரத் திமிர் என்று நினைத்தேன். இன்று அவர்கள் சுவரில், சுற்றுச்சூழலைக் காப்பவர்கள் என்று பச்சை நிறச் சான்றிதழ் தொங்குகிறது. என் வீட்டுப் பின்பக்கத்தில் அவர்களுடைய கசடு கிடக்கிறது. இது எனக்குள் எரிகிறது, எரியட்டும். அணைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

உன் அம்மா சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். சர்க்கரையால் வந்தது என்றார் டாக்டர். என் வேலைச் சட்டையையும் லுங்கியையும் இருபது வருஷம் அவள் கையால்தான் கசக்கித் துவைத்தாள். சர்க்கரை என்றும் நம்புகிறேன், சட்டை என்றும் நம்புகிறேன். அவளுடைய பாதி மனை உன் பெயருக்கு வந்ததும் அப்படித்தான். அதனால்தான் இன்று இரண்டு கையெழுத்து வேண்டியிருக்கிறது.

கடையை மூடி, அடுப்பை உடைத்துப்போட்ட பிறகு ஒரு நாள் ஏரித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நம் முற்றத்து மண்ணில் வைத்து அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். கருவி கெட்டுவிட்டதோ என்று துடைத்து, வேறு இடத்தில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அங்கிள், இல்லி மக்களு யாராதரூ இதாரா?” என்று கேட்டாள். குழந்தைகள் இருக்கிறார்களா என்று. அன்று ரூத் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். உன் மனைவி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்து, நீ குழந்தையை என்னிடம் விட்டிருந்த மூன்று மாதம் அது. நான் “இல்லம்மா” என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இதைவிடப் பெரிய தப்பை நான் செய்ததாக நினைவில்லை. உருக்கியதும் கொட்டியதும் தெரியாமல் செய்தது. இது அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகு சொன்னது.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு ரூத்தை அனுப்பிவிட்டேன், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி. அதற்குப் பிறகு படித்தேன். நூலகத்தில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைப் போனில் தமிழாக்கிப் பார்த்தேன், புரியாததை அந்தப் பெண்ணிடமே கேட்டேன். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும், அது போதும். எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். வயிறு வலிக்கும், நினைவு நிற்காது, படிப்பு ஏறாது. இந்த வரியைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, சாமு. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், விஷயம் அதோடு முடிந்துவிடும். முடியக் கூடாது. உனக்கு மூளை மந்தம் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. உனக்குள் நானும் அம்மாவும் ஊட்டியதோடு நீ மல்லுக்கட்டிப் படித்து என்ஜினியர் ஆனாய். ரூத் வாய்ப்பாட்டில் எங்கே நின்றாலும் நிற்கட்டும், கை மட்டும் ஓங்காதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான்.

மண்ணைச் சுத்தம் செய்ய என்ன வழி என்று தேடினேன். சூரியகாந்தியும் கடுகும் போட்டால் இழுக்கும் என்றார்கள். போட்டேன். இழுத்தது கொஞ்சம், அதற்குள் பக்கத்து வீட்டு ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது. ஈயம் இழுத்த செடியைத் தின்ற அந்த ஆட்டை என்ன செய்வது என்று ஒரு வாரம் அந்த வீட்டுக்காரியோடு வாக்குவாதம். பிறகு மீன் முள்ளைப் பற்றிப் படித்தேன். முள்ளைப் பொடித்து மண்ணில் கலந்தால் அதிலுள்ள பாஸ்பேட் ஈயத்தைப் பிடித்துக் கரையாத கல்லாக்கிவிடும். போகாது, ஆனால் உடம்பில் எளிதாக ஏறாது. லிங்கராஜபுரம் மீன் கடைகளிலிருந்து முள்ளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். இரண்டு கண்டக்டர் இறக்கிவிட்டார்கள். வேகவைத்துக் காயவைத்து உரலில் இடித்தேன். தெரு நாய்கள் எல்லாம் நம் கேட்டில்தான். பிள்ளைகள் எனக்கு “மீன்முள் தாத்தா” என்று பெயர் வைத்தார்கள். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்று, “இன்னும் எத்தன வருஷம்பா இந்த மண்ணக் கட்டிக்கினு அழுவ?” என்று கேட்டாய். மூன்று வருஷத்தில் முன்பக்கம் கால்வாசி முடித்திருக்கிறேன். பின்பக்கம், அடுப்பு இருந்த இடத்தில், இடுப்பளவு ஆழத்துக்கு அதே சிட்டம்தான். அதற்குப் பெங்களூரில் உள்ள மீன் எல்லாம் சேர்ந்தாலும் போதாது.

ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்ததற்கு வருகிறேன். நீ கூட்டிவந்த கணவன் மனைவி, திருப்பத்தூர்ப் பக்கம். அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “சமையக்கட்டு இந்தப் பக்கம் வெச்சா காலையில வெயில் வரும்ல?” என்று அவனைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். அவர்கள் பையனுக்கு மூன்று வயது இருக்கும். நீங்கள் மூன்று பேரும் அளவு பார்த்துக்கொண்டிருக்க, அவன் பின்பக்கம் போய்க் குந்தி, கறுப்பாக மின்னுகிற ஒரு கட்டியைத் தோண்டி எடுத்தான். நான் போவதற்குள் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது. பிடுங்கி, அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். பையன் அலறினான், அவள் ஓடிவந்தாள்.

“என்னாங்க பெரியவரே, புள்ளைய இப்படி இழுக்கிறீங்க?”

“இந்த மண்ணுல ஈயம் இருக்குதும்மா. நான்தான் கொட்டினேன். வாங்காதீங்க.”

அவள் உன் முகத்தைப் பார்த்தாள். நீ சிரித்தாய். “அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் இப்படித்தான் பேசுவாரு” என்றாய். அவன் சிரிக்கவில்லை. பையனின் கையை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தான். நீ கேட்டைச் சாத்திய சத்தம் அடுத்த தெருவரை கேட்டிருக்கும். இருந்தும் அவர்களிடமே, பாதி விலைக்குத் தருகிறேன், கிழவன் சொல்வது கட்டுக்கதை என்று நீ மறுபடி பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறாய். நீ அனுப்பிய ஒப்பந்தத்தில் அதே பெயர்கள்தான் இருக்கின்றன.

என்னைப் பைத்தியம் என்று நீ சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. உன் மனைவி எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். நான் ரூத்தை அனுப்பிய மறுமாதமே இரத்தம் சோதித்துப் பார்த்தீர்களாம். ஈயம் இருக்க வேண்டியதைவிட அதிகம். அதற்குப் பிறகுதான் நீ ஏதேதோ காரணம் சொல்லிக் குழந்தையை இங்கே கூட்டிவருவதை நிறுத்தினாய். சரியான காரியம், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அப்படியானால் உனக்குத் தெரியும், சாமு. நான் சொல்வது கட்டுக்கதை இல்லை என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அதே மண்ணை இன்னொருவன் பிள்ளைக்குக் கொடுக்கப் பார்க்கிறாய். நான் தெரியாமல் செய்ததை நீ தெரிந்து செய்யப்போகிறாய்.

கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் யாருக்கு என்ன என்று கேட்டாய். பாதி நியாயம். மூடுவதும் ஒரு வழிதான், படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆனால் அஸ்திவாரம் தோண்டாமல் வீடு கட்ட முடியாது. தோண்டிய மண்ணை டிராக்டர்காரன் எங்கே கொண்டுபோவான்? இன்னொரு பள்ளத்தை நிரப்ப. நான் ஒரு டிப்பர் முதலாளியிடமே கேட்டேன்.

“மண்ணுதானே பெரியவரே, குவாரிப் பள்ளத்துல தள்ளிடலாம். யாரும் கேக்கமாட்டாங்க.”

“அங்க ஜனங்க இருக்காங்களா?”

“யாரும் இல்ல. வேலைக்கு வந்தவங்க டென்ட் போட்டுக்கினு இருக்காங்க, அவ்ளோதான்.”

அவனை அனுப்பிவிட்டு அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். இப்படிப்பட்ட மண்ணைக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கத் தனி இடம் இருக்கிறதாம். மனு கொடுத்தால் வந்து அளந்து, என்ன செய்வது என்று எழுதுவார்களாம். “ஆனா, முதல் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும், கொட்டினது நீங்கன்னு நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்க” என்றார். வரட்டும் என்றேன். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மனை இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டாயிற்று. உன் இடம் காலியாக இருக்கிறது. பார், எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறோம். நான் போடாவிட்டால் நீ விற்க முடியாது, நீ போடாவிட்டால் நான் சுத்தம் செய்ய முடியாது. நடுவில் இந்த மண் ஒரு அங்குலம் அசையாமல் கிடக்கிறது. அசையாதபடி இடித்தவன் நான்தானே.

போன வாரம் வங்கியில், பணம் எடுக்க நான் எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. வலது மணிக்கட்டு தூக்கவே மாட்டேன் என்கிறது, பேனா சாய்ந்துவிடுகிறது. ஈயமா வயதா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. வங்கிப் பெண் நல்ல மனதோடு, “பரவாயில்ல தாத்தா, இனிமே கைநாட்டு வெச்சுக்கலாம்” என்றாள். பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டேன். விற்பனைக்கும் கைநாட்டு செல்லுமாம், பக்கத்தில் சாட்சி இருந்தால் போதுமாம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் என் கை என் பேச்சைக் கேட்காது. அப்போது படுக்கையில் கிடக்கிற கிழவனின் கட்டைவிரலை யார் வேண்டுமானாலும் பிடித்து மையில் அழுத்தலாம். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று நினைக்கத்தான் ஆசை. ஆனால் மனை பார்க்க வந்த அந்தத் தாயின் முகத்துக்கு எதிரே நீ சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஒன்று உனக்கு. ஒன்று திருப்பத்தூர்க்காரருக்கு, அவர் விலாசம் உன் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒன்று பாஸ்டருக்கு, ஒன்று அந்த அதிகாரிக்கு. கல்லூரிப் பெண் கன்னடத்தில் எழுதிக் கொடுத்ததை நம் கேட்டில் ஒட்டியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று கத்துவாய். இந்த வீதியில் நாற்பது வீடு நம் கீரையைச் சாப்பிட்டது. அவர்களுக்கும் இது வீட்டு விஷயம்தான். இனி என் கை விழுந்தாலும், விரலை யார் பிடித்தாலும், இதைத் தெரியாமல் ஒருவரும் வாங்க முடியாது. உன்னையும் என்னையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டேன். என் பிள்ளைக்குச் செய்கிற காரியமா இது என்று கேட்பாய். வேறு காரியம் எனக்குத் தெரியவில்லை.

படிவம் மேஜை மேல் இருக்கிறது, பேனாவும் பக்கத்திலேயே. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தடவை வந்துபோ. என்னிடம் பேச வேண்டாம், உட்காரக்கூட வேண்டாம், போட்டுவிட்டுப் போ. ரூத்தைக் கூட்டிவந்தால் காரிலேயே இருக்கட்டும், கதவைத் திறக்க விடாதே. நான் கையும் காலும் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு வந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா